மாடியில் சோலார், படிக்கட்டடியில் பேட்டரி: ஈ.பி.யிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: ராஜபாளையத்தில் சொந்த வீடு. 2024 கடைசியில் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். 78,000 ரூபாய் மானியமும் வந்துவிட்டது. ஆனால் கரண்ட் போனால் நட்டநடு வெயிலிலும் சோலார் சேர்ந்தே அணைந்துவிடுகிறது. மாமியாருக்கு மூச்சுத்திணறல், ராத்திரி மெஷின் ஓடியே ஆக வேண்டும். சோலார் போட்டவர், “5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வைத்துத் தருகிறேன், ஈ.பி.க்குத் தெரிய வேண்டியதில்லை” என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ, “தெரிந்தால் மானியத்தைத் திருப்பிக் கேட்பான், திருட்டு கேஸ் போடுவான்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தம்பி, அப்பா வீட்டின் முன்பக்கத்தில் பால்கோவா கிண்டி விற்கிறான். வீட்டுக் கனெக்‌ஷன்தான். அவனும் இதேபோல் சோலாரும் பேட்டரியும் போடலாமா?
வாசகி, ராஜபாளையம்

பதில்: பக்கத்து வீட்டு அண்ணன் உங்களை வீணாகப் பயமுறுத்துகிறார். சோலார் போட்டவர் அதைவிட மோசம். பயப்பட வேண்டிய இடத்தில் தைரியம் சொல்கிறார்.

வீட்டில் பேட்டரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. நம் ஊரில் பாதி வீடுகளில் படிக்கட்டுக்கு அடியில் யு.பி.எஸ். பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு யாரும் அனுமதி வாங்கியதில்லை. மானியமும் பறிபோகாது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000 என்று அந்த 78,000 சோலார் திறனுக்காகக் கொடுத்த பணம். பேனல்கள் மாடியில் இருந்து ஈ.பி. லைனோடு இணைந்து ஓடுகிற வரை, கீழே பேட்டரி இருப்பது அந்த மானியத்தைத் தொடாது. பேட்டரிக்கென்று தனியாக மானியமும் கிடையாது, அதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் வீட்டு பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அரசே ஏற்கிறது. நமக்கு அந்த நாள் வரவில்லை.

அப்படியானால் ஈ.பி.யிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனி அந்தஸ்து தந்திருக்கின்றன. ஒரே இணைப்பு வழியாகக் கரண்ட் வாங்கவும் செய்கிறீர்கள், திருப்பிக் கொடுக்கவும் செய்கிறீர்கள். சாதாரண நுகர்வோருக்குள்ள எல்லா உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் அந்த இணைப்பில் என்ன இயந்திரம் பூட்டியிருக்கிறது, எத்தனை கிலோவாட் வெளியே போகலாம் என்பது, நெட் மீட்டர் வைத்தபோது நீங்கள் மின்வாரியத்தோடு (இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்) போட்ட ஒப்பந்தத்தில் பதிவாகியிருக்கிறது. மீட்டருக்கு உள்ளே வீட்டுக்குள் நீங்கள் என்ன வைத்துக்கொண்டாலும் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. மீட்டரைத் தாண்டி லைனுக்குப் போகக்கூடிய எதையும் அது கேட்கும். சோலாரையும் பேட்டரியையும் லைனோடு சேர்க்கிற ஹைபிரிட் இன்வெர்ட்டர் அந்த இரண்டாவது வகை.

கரண்ட் போனால் சோலாரும் ஏன் அணைகிறது என்றால், அது பழுதல்ல, சட்டம். மத்திய மின் ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு இணைப்பு விதிகளின்படி, லைன் செத்தவுடன் 2 விநாடிக்குள் உங்கள் இன்வெர்ட்டர் லைனுக்குக் கரண்ட் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். மலையடிவாரக் காற்றில் கம்பி அறுந்து, லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து 230 வோல்ட் வந்தால் அவர் கதி என்ன? சோலார் மட்டும் என்றால் இந்த ஆபத்து பகலோடு முடிந்தது. பேட்டரி சேர்ந்தால் நள்ளிரவிலும் உண்டு. ஆகவே ஹைபிரிட் பொருத்தினால், கரண்ட் போனதும் வீட்டை லைனிலிருந்து துண்டித்து, தனியாக இழுத்த ஒயரிங்குக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிற அமைப்பு அதில் இருந்தே தீர வேண்டும். மாமியாரின் மெஷின், இரண்டு ஃபேன், நாலு லைட், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை அந்த ஒயரிங்கில் போடச் சொல்லுங்கள். ஏ.சி.யை அதில் போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கே பேட்டரி கையை விரித்துவிடும்.

செலவைக் குறைக்க ஒரு குறுக்குவழி சிலர் செய்து தருகிறார்கள். பழைய யு.பி.எஸ்.ஸின் அவுட்புட்டை சோலார் இன்வெர்ட்டரோடு கோத்து, கரண்ட் இருப்பதாக அதை நம்பவைப்பது. வீட்டில் செலவாகாமல் மிஞ்சுகிற சோலார் கரண்ட் போக இடமில்லாமல் யு.பி.எஸ்.ஸுக்குள் திரும்பி நுழையும். அதற்காகச் செய்யப்படாத யு.பி.எஸ். புகைந்துபோகும். யார் சொன்னாலும் இதைச் செய்யவே வேண்டாம்.

இனி உங்கள் விஷயத்தில் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் 3 கிலோவாட்டுக்கு. அவர் வைக்கச் சொல்வது 5 கிலோவாட் இன்வெர்ட்டர். பேனல் 3 என்றாலும், பேட்டரி பின்னால் இருப்பதால் அந்த இன்வெர்ட்டரால் 5 கிலோவாட்டையும் லைனுக்குத் தள்ள முடியும். அதோடு, இரவில் ஈ.பி. கரண்ட்டில் பேட்டரியை நிரப்பி, பகலில் அதையே சோலார் யூனிட் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியும். நீங்கள் செய்ய மாட்டீர்கள். ஆனால் செய்ய முடிகிற இயந்திரத்தைச் சொல்லாமல் வைத்திருக்கும் வீட்டில் சோதனைக்கு வருகிற அதிகாரி, செய்தீர்கள் என்றுதான் எழுதுவார். அவர் எடுக்கக்கூடிய ஆயுதம் மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, ‘அனுமதியற்ற மின் பயன்பாடு’. எவ்வளவு காலம் நடந்தது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டு, இரு மடங்கு கட்டணம் கேட்கலாம். அனுமதித்த லோடுக்கு மேல் இழுப்பதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று சீதாராம் அரிசி ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. பேட்டரியை ஈ.பி.யில் சார்ஜ் போடும் நேரத்தில் மோட்டாரும் ஏ.சி.யும் சேர்ந்தால் உங்கள் லோடு தாண்டுமா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

திருட்டு என்பது 135ஆம் பிரிவு. அதற்குக் கொக்கி போடுவது, மீட்டரில் கைவைப்பது போன்ற எதையாவது செய்திருக்க வேண்டும். பேட்டரி வைப்பது அதில் வராது. ஆனால் வேலை நடக்கும்போது மீட்டர் பெட்டியின் சீலை உங்கள் ஆள் அறுத்தால் அந்தத் தொல்லையும் வீடு தேடி வரும். சீலைத் தொட வேண்டியிருந்தால் ஈ.பி. ஆள் வந்தபிறகே தொட வேண்டும்.

ஆகவே தனிப் படிவம் எங்கே என்று தேடாமல், வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதி உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுத்துத் தொடங்குங்கள். சர்வீஸ் நம்பர், பழைய இன்வெர்ட்டரின் விவரம், புதியதன் மாடலும் சீரியல் நம்பரும், பேட்டரியின் கொள்ளளவு, ஒயரிங்கின் ஒற்றைக்கோட்டுப் படம். கூடவே இரண்டு வாக்கியம்: வெளியே போகும் கரண்ட் 3 கிலோவாட்டுக்கு மேல் போகாதபடி இன்வெர்ட்டரில் வரம்பு வைக்கப்படும், பேட்டரியிலிருந்து லைனுக்கு ஏற்றுமதி இருக்காது. நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ராஜபாளையம் செயற்பொறியாளருக்கு அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் விருதுநகர் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதன் உத்தரவில் திருப்தி இல்லையென்றால் சென்னையிலுள்ள மின்குறை தீர்ப்பாளர். ஆனால் 126ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்துவிட்டால் இந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும். நுகர்வோர் ஆணையமும் அதை விசாரிக்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது ஆட்சேபம், பிறகு இறுதி உத்தரவு, அதிலிருந்து 30 நாளுக்குள் பாதித் தொகையைக் கட்டிவிட்டு மேல்முறையீடு என்றுதான் போக வேண்டும். முத்திரை போட்ட ஒரு தாள் இத்தனை அலைச்சலைத் தடுக்கும்.

சோலார் போட்டவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவையும் உண்டு. சூர்ய கர் திட்டத்தில் பொருத்தியவர் 5 ஆண்டு பராமரிக்கக் கடமைப்பட்டவர். இன்வெர்ட்டரை அவரே மாற்றினாலும், “நீங்கள் மாற்றியதால் பொறுப்பில்லை” என்று பின்னால் நழுவாதபடி அந்தக் கடமை தொடர்கிறது என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய இன்வெர்ட்டரை எடுக்காமல், பேட்டரிக்கென்று இன்னொரு இன்வெர்ட்டரை மாறுதிசை மின்னோட்டப் பக்கத்தில் சேர்க்கும் முறையும் இருக்கிறது. உங்களுக்கு அதுவே மேல் என்பது என் எண்ணம். பேட்டரியில் ஐ.எஸ். 16270, இன்வெர்ட்டரில் ஐ.எஸ். 16221 தர எண் இருக்கிறதா பாருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள், சமையலறைச் சுவரில் மாட்டாதீர்கள். வாக்குறுதி பொய்த்தால் 2 ஆண்டுக்குள் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. பில் இல்லாமல் “ஜி.எஸ்.டி. மிச்சம்” என்று வாங்கினீர்களானால் என்னிடம் வராதீர்கள்.

பணக் கணக்குக்காக ஆசைப்பட்டு இதைச் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு நெட் மீட்டரில் பகலில் கொடுத்த யூனிட் ராத்திரி எடுத்த யூனிட்டோடு கழிகிறது. லைனே உங்கள் பேட்டரி. மாமியாரின் மூச்சுக்காக என்றால் வையுங்கள், அதற்கு விலை பார்க்க முடியாது.

உங்கள் தம்பி விஷயம் வேறு, அதுதான் அவசரம். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால், பேட்டரி இல்லாமலேயே 126ஆம் பிரிவு பொருந்தும். வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடி ஆலோசனை அறை வரை எங்களைப் போன்ற தொழில்முறையாளர்களுக்கு வீட்டுக் கட்டணத்திலேயே சலுகை உண்டு. பால்கோவாச் சட்டிக்கு இல்லை. நியாயமா என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. தராசு வைத்து விற்பதால் அது வணிகக் கட்டணமான ஐந்தாம் பிரிவு. கிண்டி மொத்தமாக அனுப்புவது மட்டும்தான் என்றால் சிறுதொழில் பிரிவுக்கு வாதிட்டுப் பார்க்கலாம். இப்போது சோலாருக்கு விண்ணப்பித்தால் அளவெடுக்க வருகிறவர் முதலில் பார்ப்பது முன்பக்கத்து அடுப்பைத்தான்.

அதனால் முன்பக்கத்தைச் சுவரால் பிரித்து அதற்குத் தனி இணைப்பு வாங்கச் சொல்லுங்கள். பின்வீட்டுக்கு, அது வீடாக மட்டும் இருப்பதால், மானியத்தோடு சோலார் போடலாம். அங்கே சேமித்த கரண்ட்டை ஒயர் இழுத்துக் கடைக்குக் கொடுக்கக் கூடாது. கடைக்கும் சோலார் வேண்டுமானால் மானியமும் வீட்டு நெட் மீட்டரிங்கும் கிடையாது. வெளியே கொடுக்கும் யூனிட்டுக்குக் கிடைப்பது, அவன் வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறைவு. பகலில் மிஞ்சியதைப் பேட்டரியில் வைத்து, சாயங்காலம் ஆண்டாள் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்காக ஃபிரீசர் ஓடும் நேரத்தில் செலவழித்தால் கையில் காசு நிற்கும். உங்கள் வீட்டில் வராத லாபம் அவன் கடையில் வரும்.