கடை வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன்னே வக்கீல்

புரோக்கரோ விற்பவரோ கைகாட்டும் வக்கீல் வேண்டாம். கிரிமினல் வழக்கில் பெயர் எடுத்தவரும் இதற்குத் தோதில்லை. கடை, குடோன், அலுவலகக் கிரயப் பத்திரங்களைத் தொடர்ந்து பார்ப்பவரைத் தேடுங்கள். “பேங்க் வக்கீல் பார்த்துவிட்டாரே” என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்கான பாதுகாப்பை, உங்களுடையதை அல்ல.

தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைப் பார்த்து, கருத்தை எழுத்தில் தரும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். அந்தக் கட்டடம் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றதா என்பதும் அதில் இருக்கட்டும். வீட்டுக்கு வாங்கிய பிளானில் கடை நடத்தினால் சீல் வரைக்கும் போகலாம்.

எல்லாவற்றையும் விட வாடகைதாரர் விஷயம் முக்கியம். 11 மாத ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. வில்லங்கச் சான்றில் அவை தெரியாது. உள்ளே இருப்பவர் எந்த அடிப்படையில் இருக்கிறார், அட்வான்ஸ் யார் கையில், எப்போது காலி செய்வார் என்பதையெல்லாம் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. வக்கீல் ஃபீஸைச் சொத்து மதிப்பில் சதவீதமாகப் பேசாமல், வேலைக்கு இவ்வளவு என்று முன்பே முடித்துவிடுங்கள்.