கலங்கல் நீரே நல்லது!



கிணற்றுநீர் கலங்கியிருந்தால் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்ப்பது நம் பழைய வழக்கம். சிறிது படிகாரம் கலப்பதும் உண்டு. சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். ஆனால் தொழிற்சாலையில் கொதிகலனைக் கவனிக்கும் பொறியாளரோ, "எதுவும் படியக்கூடாது, நீர் கலங்கலாகவே இருக்கட்டும்" என்பார். ஏன்?

கடினநீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடானதும் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகிறது. இது நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆகவே நுண்துகள்களாகப் பிரிந்து, சூடான குழாய்ச் சுவரில் ஒட்டி இறுகுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தில் நீங்கள் காணும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் இதுவே. கொதிகலனுக்கு மென்னீரையே விட்டாலும், சிறிதளவு கால்சியம் தப்பி உள்ளே சென்றுவிடும்.

ஒரு மில்லிமீட்டர் படிவு என்ன செய்துவிடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் சுவரின் வழியாக வினாடிக்கு 1,00,000 ஜூல் வெப்பம் செல்வதாகக் கொள்வோம். எஃகின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 50 அலகுகள் (வாட்/மீட்டர் கெல்வின்). படிவுக்கு 2 என்று கொள்வோம்.

1 மி.மீ. எஃகின் இரு பக்கங்களுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு:
1,00,000 × 0.001 ÷ 50 = 2 டிகிரி.

1 மி.மீ. படிவுக்கு:
1,00,000 × 0.001 ÷ 2 = 50 டிகிரி!

அதாவது, அதே வெப்பம் நீரை அடைய வேண்டுமானால், எஃகுச் சுவர் முன்னைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேற வேண்டும். படிவு தடிக்கத் தடிக்க எரிபொருள் வீணாகும். அளவுக்கு மீறிச் சூடேறிய எஃகு வலுவிழக்கும். அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தால், அருகில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

இதைத் தடுக்க உதவுபவையே பிரிகைப் பொருள்கள். களிமண் போன்ற நுண்துகள்கள் நீரில் பொதுவாக எதிர் மின்னூட்டம் பெற்றிருக்கும். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நீங்கள் படித்ததுதானே? படிகாரத்தின் அலுமினியம் அயனிகள் நேர் மின்னூட்டம் கொண்டவை. அவை துகள்களின் மின்னூட்டத்தைச் சமன்செய்ய, விலக்கம் குறைந்து துகள்கள் திரண்டு படிகின்றன.

பிரிகைப் பொருளின் வேலை இதற்கு நேர்மாறானது. பாலிஅக்ரிலேட் என்பது ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு. சங்கிலி நெடுக எதிர் மின்னூட்டத் தொகுதிகள் உண்டு. அது துகளின்மேல் ஒட்டிக்கொண்டு, அதன் எதிர் மின்னூட்டத்தை மிகுதியாக்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்காமல் மிதக்கின்றன. வளரும் படிகத்தின்மேல் ஒட்டி, அதன் வளர்ச்சியையும் குலைக்கிறது. பெரும்பாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராமே போதும்.

மிதக்கும் துகள்களை என்ன செய்வது? கலங்கல் நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றிவிட்டுப் புதுநீர் விடுவார்கள். இதைச் செய்யாவிட்டால் பிரிகைப் பொருளால் பயனில்லை. வெளியேறும் நீரிலும் கவனம் வேண்டும். பாஸ்பேட் வகைப் பொருள்கள் குளத்தை அடைந்தால் பாசி பெருகும். பாலிஅக்ரிலேட்டோ எளிதில் மக்குவதில்லை. ஆகவே, தேவையான அளவுக்கு மேல் சேர்க்கக்கூடாது.

செய்து பாருங்கள்: மூன்று கண்ணாடித் தம்ளர்களில் மழைநீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் சிறிது களிமண்ணைக் கரையுங்கள். ஒன்றில் படிகாரத்தூள், மற்றொன்றில் ஒரு சிட்டிகை சலவைச்சோடா சேர்த்துக் கலக்குங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். எது முதலில் தெளிகிறது? எது நெடுநேரம் கலங்கியிருக்கிறது?

பார்த்த பின் இதையும் சிந்தியுங்கள்: ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வண்டல் படிவதற்கு, நீரின் வேகம் குறைவது மட்டும்தானா காரணம்?