வெறுங்காற் பள்ளி

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேலைக் கடற்கரையில் அமைந்தது ஐவரி கோஸ்ட் என்னும் நாடு. தந்தக் கரை என்பது அப்பெயரின் பொருள். யானைத் தந்தம் அங்கிருந்து கப்பலேறிய காலத்தில் வழங்கிய பெயர் அது. இன்று உலகிலேயே மிகுதியாகக் கோக்கோ விளைவது அந்நாட்டில்தான். அதன் பெருநகர் அபிஜான். எப்ரியே எனப்படும் காயலைச் சூழ்ந்து கிடக்கும் அந்நகரில், 1948 இல் தோன்றிய அசெக் மிமோசா என்னும் கால்பந்துக் கழகம் உண்டு. அக்கழகத்தின் சார்பில் 1993 ஆம் ஆண்டு ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. சிறுவர்க்கு ஏட்டுக் கல்வியையும் கால்பந்தையும் ஒருங்கே கற்பித்த அப்பள்ளியில், புதிதாய்ச் சேர்ந்த மாணவர் காலணி இன்றியே ஆடினர்.

வறுமையால் அவ்வாறு ஆடினர் என எண்ணற்க. காலணி அணிய ஆசிரியர் இசையவில்லை.

அவ்வாசிரியர் பெயர் ழான் மார்க் கியு. பிரான்சு நாட்டவர், 1945 இல் பிறந்தவர். ஆஞ்சே, நீசு ஆகிய நகரங்களின் கழகங்களில் நடுவரிசை ஆட்டக்காரராய் விளங்கி, 1978 ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிக்குச் சென்ற பிரெஞ்சு அணியிலும் இடம்பெற்றவர். பின்னர்ப் பயிற்சியாளரானார். கான் நகரக் கழகத்தில் அவருக்குத் துணைவராய் இருந்த ஆர்சன் வெங்கர், பிற்காலத்தில் இலண்டன் ஆர்சனல் அணியை 22 ஆண்டுகள் நடத்திப் புகழ்பெற்றார். துணைவர் பெருங்கழகத்தை அடைந்தார்; தலைவரோ, ஐம்பதை நெருங்கும் அகவையில் ஆப்பிரிக்கச் சிறுவரை நாடிச் சென்றார்.

மாணவரைத் தெரிந்தெடுக்கையில் அவர் உயரத்தையும் உடல் வலிவையும் பெரிதாகக் கொள்ளவில்லை. பந்தோடு கால் எவ்வாறு பழகுகிறது என்பதையே நோக்கினார். தடித்த தோற்காலணி அணிந்த சிறுவன் பந்தை எப்படி உதைத்தாலும் அது ஓடும். உதைத்த பிழை அவனுக்குப் புலப்படாது. வெறுங்காலோடு உதைப்பவன் விரல்நுனியால் உதைத்தால் நோவான். ஆதலின் பாதத்தின் எப்பகுதியால் பந்தைத் தொட வேண்டும், வரும் பந்தை எவ்வளவு மென்மையாக ஏற்க வேண்டும் என்பவற்றை நோவே கற்பித்துவிடும். பந்து நிலத்தில் விழாதவாறு காலாலும் தொடையாலும் தலையாலும் தட்டித் தட்டி நிறுத்தும் தேர்வுகள் படிப்படியாக வைக்கப்பெற்றன. அவற்றில் தேறியவனே காலணி பெற்றான். நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் மாணவன் கைக்கு வந்தன அல்லவா? அம்முறையோடு இதனை ஒப்புநோக்கலாம்.

பள்ளியில் சேர விரும்பிய சிறுவர் மிகப் பலர். இடம் பெற்றவர் மிகச் சிலர். இடம் பெற்றவனுக்கும் முழங்காலில் ஓர் அடி பட்டால் ஆட்டவாழ்வு முடிந்துவிடக்கூடும். ஆகவே, நாள்தோறும் வகுப்பறைப் பாடமும் அவர்க்கு உண்டு.

இம்முறையின் பயன் 1999 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிப்பட்டது. முந்திய ஆண்டின் இறுதியில் அசெக் கழகம் ஆப்பிரிக்க வாகையர் கோப்பையை வென்றிருந்தது. வென்ற வீரர் பலர் வேறு கழகங்களுக்குச் சென்றுவிட்டனர். ஆப்பிரிக்கப் பெருங்கோப்பைக்காகத் தூனிசு நகரத்து எசுப்பெரான்சு அணியை எதிர்க்க வேண்டிய வேளையில், கழகம் பள்ளிச் சிறுவரையே களத்தில் இறக்கியது. மீசை அரும்பாத இளைஞரைக் கண்டு நகைத்தவரும் இருந்திருப்பர். கூடுதல் நேரம் வரை நீண்ட அவ்வாட்டத்தில் சிறுவர் 3-1 என்ற கணக்கில் வென்றனர். அவருள் ஒருவரான கோலோ டூரேக்கு அப்போது வயது 17. அவர் 2002 இல் ஆர்சனலுக்குச் சென்று, 2003-04 ஆம் ஆண்டுத் தொடரில் ஓர் ஆட்டத்திலும் தோலாத அவ்வணியில் இடம்பெற்றார்.

பின்னர்க் கியு அசெக் கழகத்தினின்று பிரிந்தார். 2001 முதல் பெல்ஜிய நாட்டுப் பெவரன் கழகத்துக்குத் தம் மாணவரை அழைத்துச் சென்றார். அவ்வணியின் பதினொருவருள் பத்துப் பேர் வரை ஐவரி கோஸ்ட் இளைஞராய் இருந்ததுண்டு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடமில்லையே எனச் சிலர் குறைகூறினர். ஆப்பிரிக்க இளைஞரை வாணிகப் பொருளாக்குவதா என வேறு சிலர் வினவினர். இவ்வினாவைப் பொறாமை என்று தள்ளிவிடுதல் நடுவுநிலைமை ஆகாது. ஓர் இளைஞனை விற்று வரும் பொருளால் அடுத்த மாணவனைப் பயிற்றும் ஏற்பாட்டில், ஆசானும் வணிகனும் ஒருவரே ஆகிவிடுகின்றனர். எனினும், யாயா டூரே, எபுவே முதலானோர் ஐரோப்பியப் பெருங்கழகங்களை எட்டியது அப்பெவரன் வழியாகவே என்பதும் மறுக்கவொண்ணாதது. மாலி, அல்ஜீரியா, வியத்நாம், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் கியு இத்தகைய பள்ளிகளை ஏற்படுத்தினார்.

ஐவரி கோஸ்ட் அணி உலகக் கோப்பைப் போட்டியில் முதன்முதலாக ஆடியது 2006 இல். டூரே உடன்பிறப்பாளர், சொக்கோரா, எபுவே, டிண்டான் என அவ்வணியில் வெறுங்காற் பள்ளியின் மாணவர் பலர் இருந்தனர். ஆயினும் ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பை அவர் கைக்கு நெடுநாள் எட்டவில்லை.

2015 ஆம் ஆண்டு பிப்ரவரி 8 ஆம் நாள், எக்குவட்டோரியல் கினி நாட்டின் பாட்டா நகரில் இறுதியாட்டம். எதிரணி கானா. இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. தண்ட உதைகளால் முடிவு காணும் நிலை வந்தது. ஐவரி கோஸ்ட் அணியினர் முதல் இரண்டு உதைகளையும் வீணாக்கினர். கானாவும் பின்னர் இரண்டை இழந்தது. பத்துப் பத்துப் பேர் உதைத்து முடிந்தபோது இருபுறமும் எட்டு. எஞ்சியவர் கோல் காவலர் இருவரே. ஐவரி கோஸ்டின் காவலர் பூபக்கர் பாரி, வெறுங்காற் பள்ளியின் தொடக்கக் கால மாணவர். அவருக்கு வயது 35. முதற்காவலர் காயமுற்றமையால் மட்டுமே அன்று களம் புகுந்தவர். எதிர்க்காவலர் உதைத்த பந்தை அவர் தடுத்தார். பின் எழுந்து வந்து, தாமே பந்தை வைத்து உதைத்தார். பந்து வலைக்குள் சென்றது. 9-8.