எலியாவின் சோர்வும் எமது வீடுகளும்



ஐம்பது வயதை எட்டிய ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு பூசை தவறாதவர். மகளின் சீதனக் கடன் இன்னும் தீரவில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு; சோறு இறங்குவதில்லை. "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. அதிலும் பெரிய பயம், "இது மனைவிக்குத் தெரிந்தால்?" என்பதே. கணவருக்கு மறைத்து இவ்வாறே வாடும் தாய்மாரும் உளர். அவர்களுக்காகவே இப்பாடம்.

அரசர் முதலாம் நூலின் 19ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிய எலியா, பெயேர்செபாவில் தம் ஊழியனை விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் வழி தனியே நடந்து, ஒரு செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார். கூட இருந்தவனையும் விலக்கிய பின்னரே அந்த மன்றாட்டு எழுந்தது என்பதைக் கவனியுங்கள். சாவின் எண்ணம் தனிமையில்தான் வளரும்.

இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை, உறங்கவிட்டார். தூதர் இருமுறை தொட்டெழுப்பி உண்ணச் செய்தார். பின்னர் எலிசா என்ற துணையும் கிடைத்தது.

ஆகவே, தானாய் எழும் இவ்வெண்ணத்தைப் பாவமென்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அது நோயின் குறி. உயிர் இறைவனுடைய கொடை. அதைப் போக்குவது தகாது என்பதே திருச்சபையின் போதனை. ஆயினும் கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அவ்வாறு இறந்தோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் போதிக்கிறது. பொலிசுக்கும் பயப்பட வேண்டியதில்லை. தற்கொலை முயற்சி எமது நாட்டில் 1998 முதல் குற்றமன்று.

துணைவருக்குப் பாரமாகும் என்று மறைக்கிறீர்களா? பீடத்தின் முன் நீங்கள் கொடுத்த வாக்கு நோய்க் காலத்துக்கும் உரியது. தொடாத சோற்றை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். உங்கள் மௌனத்தைத் தம்மேல் கோபமென்று எண்ணி அழுகிறார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கொஞ்ச நாளாய்ச் செத்துப்போகலாம் எண்டு நினைவு வருகுதப்பா. பயமாய்க் கிடக்கு. டொக்டரிட்டை என்னோடை வாரும்." இவ்வளவும் போதும்.

கேட்பவரே, "பிள்ளைகளை நினைக்கேல்லையோ?" என்று ஏசாதீர்கள். சாக நினைத்ததுண்டா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகாது. தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். கொடிய பூச்சிமருந்துகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்ட பின் இலங்கையில் இத்தகைய சாவுகள் பெரிதும் குறைந்தன. அந்த வேகம் தணியும்வரை கைக்கு எட்டாதிருந்தால், பல உயிர்கள் தப்பும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைக் காணுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். ஆபத்து உடனடியாயின் விடியும்வரை காத்திராது ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். பங்குக் குருவிடமும் வாருங்கள். ஆனால் மருந்துக்குப் பதிலாகச் செபத்தை வைக்காதீர்கள். எலியாவுக்கு அப்பம் கொடுத்தவரும் இறைவனே.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், பிள்ளைகள் படுத்த பின், ஒருவரையொருவர் கேளுங்கள்: "உமக்கு மனத்தில் என்ன பாரம்?" பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.