முத்துத்தூள் சட்டை வாங்கலாமா?

கேள்வி: முத்தையாபுரத்தில் சிறிய உப்பளம் வைத்திருக்கிறேன். வேலையாட்களுக்கு முழுக்கைச் சட்டை எடுக்கப் போனேன். 'முத்துத்தூள் கலந்த பாலியஸ்டர், வெயிலே ஏறாது, உடம்பு குளுகுளுவென்று இருக்கும்' என்று கடைக்காரர் இரட்டை விலை சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: முத்துக்காக என்றால் வேண்டாம்.

நூலில் தாதுப்பொடி கலப்பது பொய்யில்லை. பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தக் குழம்பில் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களைக் கலந்து, நுண்துளைகள் வழியே பிதுக்கி இழையாக்குவார்கள். துகள் இழைக்குள் அடைபட்டுவிடுவதால் துவைத்தாலும் போகாது. துணிமேல் பூசிய பொடி அப்படி நிற்காது.

ஆனால் என்ன பொடி? முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சங்கும் சுண்ணாம்புக்கல்லும் அதேதான். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் குணம் அதற்கு அதிகமில்லை. நம் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பெயரை வைத்து வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

உண்மையில் வேலை செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு. உங்கள் பக்கத்துக் கடற்கரைக் கருமணலிலும் தேரிமணலிலும் உள்ள இல்மனைட்தான் அதற்கு மூலப்பொருள். 2013-இல் தமிழக அரசு தாதுமணல் அள்ளத் தடை போட்டதே, அதே மணல்தான். பாலியஸ்டரின் பளபளப்பைக் குறைக்க ஆலைகள் இதை வெகுகாலமாகச் சேர்க்கின்றன: 'செமி டல்' நூலில் சுமார் 0.3 சதவீதம், 'ஃபுல் டல்' நூலில் சுமார் 2 சதவீதம். பளபளப்புக்காகப் போட்ட பொடி வெயிலின் புற ஊதாக் கதிரையும் தடுத்துவிடுகிறது. இதற்கு இரட்டை விலை கிடையாது.

குளுமை வேறு கதை. கல்பொடி கலந்த துணி தொட்டதும் சில்லென்று இருக்கலாம். சற்று நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பாலியஸ்டர் இழை காற்றிலிருந்து 0.4 சதவீத ஈரம்தான் ஏற்கும், பருத்தியோ 7, 8 சதவீதம். ஆகவே இறுக்கமாக எடுத்தால் கசகசக்கும், தொளதொளவென்று எடுங்கள்.

கடையில் யுபிஎஃப் எண்ணைக் கேளுங்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு புற ஊதாக் கதிர்தான் உள்ளே வரும். சோதனைச் சான்றும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடைபோல் தெரிந்தால் எந்தப் பொடி போட்டும் பயனில்லை.

நெருக்க நெசவு, ஃபுல் டல், கழுத்துப் பட்டை வைத்த முழுக்கை: இது போதும். மிச்சமாகும் பணத்தில் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலிலிருந்து கண்ணைக் காக்க எந்தச் சட்டையாலும் ஆகாது.