பால் ஹப்பர்டும் பந்தாட்ட வட்டமும்

அமெரிக்கர் கால்பந்து என வழங்கும் ஆட்டம் நாம் நன்கறிந்த கால்பந்தாட்டம் அன்று. அதன் பந்து முட்டை வடிவினது. காலினும் கையே அதனை மிகுதியும் ஆள்வது. அணிக்குப் பதினொருவர். மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கெஜமேனும் முன்னேறாத அணி பந்தை எதிரிக்கு விட்டுவிட வேண்டும் என்னும் விதி 1882-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதனால் ஆட்டம் இடையறாத ஓட்டமாக இராது சிறு சிறு முயற்சிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு முயற்சிக்கு முன்னும், ஓடுவோன் யாவன், தடுப்போன் யாவன் என்று ஒருவன் கட்டளையிட்டாக வேண்டும். நடுவில் நிற்பவன் பின்னே தள்ளும் பந்தை முதற்கண் பெறுபவனே அவன். அவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். இதற்குத் தமிழ்ச்சொல் ஆக்க முயன்றோம். 'காற்பின்னோன்' என்றால் நண்பர் நகைப்பர் ஆதலின் அப்பெயரையே கொண்டோம்.

அக்காலத்துக் குவார்ட்டர்பேக் தன் கருத்தை எண்களாகவும் குழூஉக்குறிகளாகவும் உரக்கக் கூவுவான். நம் இலக்கணம் கூறும் குழூஉக்குறி ஆட்டக்களத்திலும் இடம்பெற்றது காண்க. ஆயின், கூவினால் கேளாத செவியுடையார் பதினொருவர் ஓரணியாக நின்றால் என் செய்வது? இவ்வினாவிற்கு விடை கண்டவரே பால் ஹப்பர்ட்.

அவர் பயின்ற கலாசாலை வாஷிங்டன் நகரில் காது கேளாதோர்க்கென்றே அமைந்தது. 1864-ஆம் ஆண்டில் அதற்குப் பட்டமளிக்கும் உரிமை வழங்கும் சட்டத்தில் கையொப்பமிட்டவர் ஆபிரகாம் லிங்கன். அதன் தலைவர் எட்வர்ட் மைனர் காலடெட் என்பவர், செவிப்புலனற்ற தாயின் மகன். கைமொழியைத் தாய்மொழிபோல் அறிந்தவர். அம்மொழிக்கோ அது பொல்லாத காலம். 1880-ஆம் ஆண்டில் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, கைமொழி விலக்கத்தக்கது என்று தீர்மானித்தது. காலடெட் எதிர்த்துப் பேசியும் பயனில்லை. வந்திருந்த நூற்றறுபதுக்கு மேற்பட்டோருள் செவிப்புலனற்றவர் ஒருவரே என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பினும் வருத்தமே மேலிடுகிறது. யாருடைய நாவை யார் கட்டுவது!

இந்நிலையில், 1892 முதல் 1895 வரை ஹப்பர்ட் அக்கலாசாலையின் குவார்ட்டர்பேக்காக விளங்கினார். பிடிக்கு அகப்படாது நழுவும் திறத்தால் 'விலாங்கு' என்னும் செல்லப்பெயரும் பெற்றார். செவியுடைய அணிகளோடு ஆடுங்கால் அவர்க்கு இடர் இல்லை. கைமொழியில் வெளிப்படையாகக் கட்டளையிடலாம். எதிரிகள் கண்டும் அறியார். மற்றவர் செய்யும் கூச்சலினும் இவருடைய மௌனமே பாதுகாப்பான மறைவாயிற்று.

இடர் வந்தது தம் இனத்தாரிடமிருந்தே. செவிப்புலனற்றோர் அணிகள் எதிர்நின்றபோது, அவர் விரல் அசையுமுன்பே அங்குள்ளோர் பொருளுணர்ந்தனர். ஏடுகளை விரித்து வைத்துக்கொண்டு தேர்வெழுதுவது போலாயிற்று எதிரிகட்கு! 1894-ஆம் ஆண்டில் ஹப்பர்ட் தம் அணியினரை அருகழைத்து, தோளோடு தோள் நெருங்க வட்டமாக நிறுத்தி, குனிந்த உடல்களின் நடுவே கைகளை மறைத்துக் கட்டளையிட்டார். வட்டம் கலைந்தபின் எதிரிகள் கண்டவை முதுகுகளே. தொழிலறிந்தோர் இதனை 'ஹடில்' என்பர். அக்கலாசாலை காலடெட் என்னும் பெயரைப் பெற்றதும் அதே 1894-இல்தான்.

இவ்வுபாயத்திற்கு உரிமை கொண்டாடுவோர் வேறு சிலரும் உளர். 1920-களில் இல்லினாய் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ராபர்ட் ஸப்கி இதனைப் பெரிதும் கையாண்டு பரவச் செய்தார் என்பது உண்மை. பரப்பியவர்க்கு உரிய புகழை நாம் மறுக்கவில்லை. எனினும், செவியுடையார்க்கு அது ஒரு வசதி; ஹப்பர்டுக்கோ அது இன்றி ஆட்டமே இல்லை. ஆதலின் முதன்மை அவர்க்கே உரியது என்பது எம் துணிபு. பேச்சுக்குத் தாழ்ந்தது என்று மாநாட்டார் தள்ளிய மொழியைக் காக்க எழுந்த வட்டத்துள் பின்னர்ப் பேசவல்லாரும் வந்து குனிந்தனர்.

ஹப்பர்ட் கான்சாஸ் மாகாணத்து ஒலேதா ஊரிலுள்ள காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியரானார். 1899-இல் அங்கே இவ்வாட்டத்தைத் தொடங்கிவைத்துச் சிறுவரைப் பயிற்றினார், 1942-இல் ஓய்வுபெற்றார், 1946-இல் காலமானார். நாற்பதாண்டிற்கு மேற்பட்ட அப்பணிக் காலத்தில், ஆண்டுதோறும் புதிய சிறுவர் அவ்வட்டத்துள் குனிந்து, தம் ஆசிரியர் கற்பித்தவாறே, கைகளை மறைத்துப் பேசினர்.