பெட்டிக்குள் பெட்டி: ஜேசான் பைலை வடிகட்டுவது எப்படி?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ்., உலகெங்கும் பதிவாகும் நிலநடுக்கங்களின் பட்டியலைத் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. கடந்த 7 நாட்களில் 4.5-ம் அதற்கு மேலும் பதிவானவை தனி பைலாகவே கிடைக்கும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். அடைப்புக் குறிகளும் எண்களும் ஒரே குவியலாக இருக்கும். இதுதான் ஜேசான் வகை பைல்.

இதில் 5-ம் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும் எடுக்க நான் பயன்படுத்துவது ஜேக்யூ என்னும் இலவச புரோகிராம். 2012-ல் ஸ்டீபன் டோலன் உருவாக்கியது. மவுசுக்கு இதில் வேலையே இல்லை. டவுன்லோட் செய்த புரோகிராமுக்கு ஜேக்யூ என்று பெயர் மாற்றி, நிலநடுக்க பைல் உள்ள போல்டரிலேயே வையுங்கள். அந்த போல்டரின் அட்ரஸ் பாரில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும்.

கட்டளைக்கு முன் பைலின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். வெளிப்பெட்டியில் ஃபீச்சர்ஸ் என்றொரு பட்டியல். அதில் ஒவ்வொரு நிலநடுக்கமும் ஒரு பெட்டி. அதற்குள் ப்ராப்பர்ட்டீஸ் என்ற இன்னொரு பெட்டி. அதில்தான் அளவும் (மேக், அதாவது எம், ஏ, ஜி) இடமும் (ப்ளேஸ்) இருக்கின்றன.

இனி கட்டளை. இங்கே தமிழில் தந்திருப்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும்:

ஜேக்யூ ".ஃபீச்சர்ஸ்[] | செலக்ட்(.ப்ராப்பர்ட்டீஸ்.மேக் >= 5) | .ப்ராப்பர்ட்டீஸ்.ப்ளேஸ்" குவேக்.ஜேசான்

கடைசியில் இருப்பது நான் பைலுக்குக் கொடுத்த பெயர். புள்ளி, பெட்டியைத் திறக்கிறது. சதுர அடைப்பு, பட்டியலை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறது. நெடுங்கோடு, கிடைத்ததை அடுத்த வேலைக்கு அனுப்புகிறது. செலக்ட் செய்வதுதான் அழகு: உள்ளே இருக்கும் அளவை எட்டிப் பார்த்துவிட்டு, முழுப் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு முதலிலேயே மேக் வரை இறங்கிவிட்டால் வெறும் எண்தான் கையில் மிஞ்சும். எந்த ஊர் என்று தெரியாது.

ஓர் எச்சரிக்கை. ஃபீச்சர்ஸ் என்பதைத் தவறாக டைப் செய்தால் ஜேக்யூ உடனே பிழை காட்டும். மேக் என்பதில் ஓர் எழுத்து மாறினாலோ, பெரிய எழுத்தில் அடித்தாலோ எதுவும் சொல்லாது. இல்லாத பெயருக்கு 'நல்' என்று, அதாவது வெறுமை என்று எடுத்துக்கொள்ளும். வெறுமை 5-ஐ விடச் சிறியது என்பது அதன் கணக்கு. எனவே திரையில் ஒரு வரியும் வராது. நீங்களோ அந்த வாரம் பெரிய நிலநடுக்கமே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்!

பதில் காலியாக வந்தால், மேற்கோளுக்குள் இதை மட்டும் கொடுத்துப் பாருங்கள்:

.ஃபீச்சர்ஸ்[0].ப்ராப்பர்ட்டீஸ் | கீஸ்

முதல் நிலநடுக்கத்தின் பெட்டியில் உள்ள பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். நீங்கள் டைப் செய்ததை அவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம்.